ஏழரை மணி மிஸ்டு கால்

உங்கள் வீட்டில் டிவி ஓடுவது பார்ப்பதற்கா, கேட்பதற்கா? சுகந்தியிடம் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் பல் தெரியச் சிரித்து, ரெண்டுக்கும் இல்லைங்க, வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கட்டுமே என்றுதான், என்று சொல்லியிருப்பாள். கேட்கத்தான் ஆள் இல்லை. புனேக்கு வடக்கே, கம்பெனிகளுக்கு நடுவில் முளைத்த அந்தக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், மகள் தர்ஷி வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருக்க, புருசன் தனபால் லாரிக்கு அச்சு செய்யும் கம்பெனிக்குப் போயிருக்க, மடியில் போனும் கையில் ஒரு புது ரிமோட்டுமாக அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே டிவியில், சத்தம் குறைத்து, ஓர் அம்மாள் கத்தரிக்காயை நாலாகக் கீறிக்கொண்டிருந்தாள். காம்பை எடுக்காமல் கீறுகிறாளே, உள்ளே புழு இருந்தால் என்ன செய்வாள் என்று சுகந்திக்கு ஓடியது. டிவிக்காரிக்குப் புழுவே இருக்காது. காலையில் ஷூவுக்குள் காலைத் திணித்துக்கொண்டே தனபால் சொல்லிவிட்டுப் போனதுதான் இன்றைய வேலை. "இன்னையோட டிஷ்ஷு முடியுது. இனிமே அதுக்குக் காசு அழ முடியாது. நான் வர்றதுக்குள்ள எந்த ஆப்புன்னு நீயே முடிவு பண்ணி வை புள்ள." "எனக்கு வெக்கிற ஆப்ப நானே முடிவு பண்ணணுமா மாமா?" என்று இவள் கேட்க, அவன் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சிரித்தது பானைக்குள் சிரித்த மாதிரி இருந்தது. பிறகு படிக்கட்டில் அவன் காலடி இறங்கிப் போனது. அந்தக் காலடி முடிகிற இடத்தில் தினமும் ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் விழுந்துவிடாமல் இருக்கத்தான் அவள் ஓடிப்போய் ரிமோட்டை எடுப்பாள், சேனல் எதுவானாலும் சரி, தமிழில் ஒரு குரல் வந்தால் போதும், சமையலோ ராசிபலனோ மூட்டுவலித் தைலமோ.

அந்தத் தமிழுக்குத்தான் இங்கே விலை. ஊரில் கேபிள் என்றால் எல்லாம் கலந்துகட்டி வரும், யாருக்கும் கணக்குத் தெரியாது. இங்கே இந்தியும் மராட்டியும் சோறு மாதிரி, தமிழ் தனியாகக் காசு கொடுத்து வாங்குகிற அப்பளம். நாலு சேனல் வேண்டும் என்று கேட்டால், கடலில் மீன் பிடிக்கிற சேனல், கார் பந்தயம், யாரோ கட்டடம் இடிக்கிற சேனல் என்று மூட்டையாகக் கட்டித் தலையில் வைக்கிறார்கள். தனபால் கூட வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் டிஷ்ஷைக் கழற்றி எடைக்குப் போட்டாயிற்றாம். அவர்களில் ஒருத்தர்தான் இந்த ஸ்டிக்கைக் கொடுத்துவிட்டது. டிவிக்குப் பின்னால் ஒரு பொத்தலில் சொருகினால் போதும், உலகம் வரும். வருகிறது, இல்லையென்று சொல்ல முடியாது. மத்தியானம் முழுக்க அவள் ஒவ்வொரு ஆப்பாக, சந்தையில் வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்க்கிற மாதிரி ஒடித்துப் பார்த்தாள். முதலாவது, சிம் கார்டு ரீசார்ஜோடு சும்மா வருவது. அதில் தமிழ், காய்கறிக்காரர் கொசுறாகப் போடுகிற கறிவேப்பிலை அளவுக்கு இருந்தது. இரண்டாவது பெரிய இடத்து ஆப்பு. திறந்ததும் வட்டம் வட்டமாக முகங்களைக் காட்டி, யார் பார்க்கிறீர்கள் என்று கேட்டது. அவளுக்குத் திக்கென்றது. இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அவளை யார் என்று கேட்ட முதல் ஆள் அதுதான். நான்தான் சுகந்தி, துறையூர்ப் பக்கம், பன்னிரண்டாவது முடித்திருக்கிறேன், எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கில் நான்தான் முதல் என்று சொல்லிவிடலாம் போல வாய் வரைக்கும் வந்தது. ஒரு வட்டத்தை அமுக்கினாள், உள்ளே பனிக்கரடி. மூன்றாவதில்தான் அவளுடைய ஏழரை இருந்தது. ஏழரை மணி சீரியலுக்கு அவள் வைத்த பெயர் ஏழரை, அதைத் தனபால் சொல்லும்போது மட்டும் சனி பிடித்த ஏழரையாகிவிடும். அதிலும் இரண்டு திட்டம். காசு கூடப் போட்டால் நாளைக்கு வரப்போவதை இன்றைக்கே பார்த்துவிடலாம். குறைந்த திட்டத்தில், டிவியில் ஓடும்போது இதிலும் ஓடும், நடுவில் விளம்பரம் வரும். எதற்கு நாளைக்கு நடப்பதை இன்றைக்கே பார்ப்பது, பார்த்துவிட்டு நாளைக்கு என்ன செய்வது. கறிவேப்பிலையை வைத்துக்கொண்டு, பொம்மைப் படத்துக்கு யூடியூபை வைத்துக்கொண்டு, மூன்றாவதில் குறைந்த திட்டத்தை வருசத்துக்குக் கட்டிவிட்டால் டிஷ்ஷுக்கு ஆவதில் கால்வாசிகூட ஆகாது. முடிந்தது கணக்கு. கணக்கில் முதலாவது வந்தவளுக்கு இதற்கு மேல் என்ன யோசனை. ஆனாலும் கட்டைவிரல் பணம் கட்டுகிற பச்சைப் பொத்தானுக்கு மேலே போய் நின்று, சூடான தோசைக்கல்லைத் தொட்டது போலத் திரும்பித் திரும்பி வந்தது.

ரிமோட்டைப் புரட்டிப் பார்த்தாள். சின்னதாக, சீப்பு மாதிரி. ஒரு வட்டம், ஒரு வீடு, முன்னே பின்னே. எண்ணே இல்லை. அம்மாவின் கையில் இதைக் கொடுத்தால் என்ன செய்வாள் என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது. அம்மாவுக்குச் சேனலுக்குப் பெயர் கிடையாது, எண்தான். ஐந்நூத்திச் சொச்சம் என்று ஆரம்பித்து, கடைசி எண்ணைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் குரல் உயரும், பஸ் நம்பர் சொல்கிற மாதிரி. அம்மாதான் அந்தக் கணக்கில் சேராத பாக்கி. விரல் நிற்பது அம்மாவால்தான். அம்மாவுக்குப் போனில் பேசத் தெரியாது. தெரியாது என்றால், எடுப்பாள், சாப்ட்டியா, புள்ள சாப்ட்டாளா, மாப்ள வேலைக்குப் போனாரா, சரி வெச்சிர்றேன், அவ்வளவுதான். ஏதோ அடுப்பில் வைத்ததை இறக்க ஓடுகிறவள் மாதிரி. ஆனால் மிஸ்டு கால் கொடுக்க அவளை மாதிரி யாராலும் முடியாது. அது அப்பா இருந்த காலத்துப் பழக்கம். பத்து ரூபாய்க்கு டாப்-அப் செய்து மாதக் கணக்கில் வைத்திருந்த காலத்தில், கல்யாணமாகி இங்கே வந்த புதிதில், முதல் விளம்பர இடைவேளையில் சுகந்தியின் போன் ஒரு தடவை அடித்து நின்றது. என்னவோ ஏதோவென்று இவள் திருப்பிக் கூப்பிட்டால், "எதுக்குடி கூப்புட்ட? அந்த மாமியார்க்காரி பண்ணுனத பாத்தியான்னு கேட்டேன், அதுக்குப் போயி காச வீணாக்குற" என்று வைத்துவிட்டாள். அன்றைக்குப் பிடித்துக்கொண்டது. ஒரு ரிங் என்றால் பாத்தியா. இரண்டு என்றால் இவளெல்லாம் ஒரு பொம்பளையா. தானாக நிற்கும் வரைக்கும் அடித்தால் அம்மா அழுகிறாள். இவள் பதிலுக்கு ஒரு ரிங் கொடுப்பாள், பாத்தேன். எடுக்கக் கூடாது, அதுதான் சட்டம். இப்போது இரண்டு போனிலும் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம் என்றாகிவிட்டது, சட்டம் மட்டும் மாறவில்லை. சும்மா கெடக்குதுன்னு பேசிக்கிட்டே இருப்பாங்களா என்பாள் அம்மா. இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று தனபாலிடம்கூட அவள் முழுசாகச் சொன்னதில்லை. ஒருத்தி ஓர் ஊரிலும் இன்னொருத்தி அதே ராத்திரி இன்னோர் ஊரிலும், ஒரே அடியை வாங்கிக்கொண்டு, வலிக்குதா என்று கேட்டுக்கொள்கிற மாதிரி அது. ஆனால் ஆடிக்குப் பிறகு அம்மாவின் ரிங்கில் ஏதோ கோளாறு. அழவேண்டிய இடத்தில் அடிக்கவே மாட்டேன் என்கிறது. ஒன்றுமில்லாத இடத்தில், கார் ஓடி வந்து பிரேக் போடுகிற இடத்தில், ரெண்டு ரிங். போன வாரம் வசுமதி, அவள்தான் ஏழரையின் கதாநாயகி, ஆஸ்பத்திரி வராந்தாவில் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தாள், கேமரா அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தது, சுகந்தி போனை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வரவில்லை. கண்ணில் புரை விழுந்திருக்குமோ. அண்ணியோடு ஏதாவது முட்டலோ. இல்லை, என் மேல் ஏதும் கோபமோ. போன மாதம் அண்ணன் மதியழகன் வீட்டில் புது டிவி வாங்கியதென்று அண்ணி படம் அனுப்பினாள். சுவர் நிறைய டிவி, அதற்கு முன்னால் அண்ணன் பிள்ளைகள், ஓரத்தில் கொல்லைக் கதவுப் பக்கம் அம்மாவின் முந்தானை மட்டும். அம்மா நல்லாத்தான் இருக்கிறாள், முந்தானை நல்லாத்தான் இருந்தது.

"ஆயி!" என்று தர்ஷி எழுந்து உட்கார்ந்தாள். இன்னமும் அந்தக் கூப்பிடலுக்குச் சுகந்தியின் உடம்பு ஒரு கணம் தவறாகத்தான் ஓடுகிறது. அங்கன்வாடிக்குப் போன முதல் வாரம் பிள்ளை வந்து ஆயி, ஆயி என்று முந்தானையை இழுக்க, இவள் பாய்ந்து தூக்கிக்கொண்டு போய்க் கக்கூசில் உட்கார வைத்தாள். பிள்ளை பேந்தப் பேந்த விழித்தது. இன்னொரு தடவை ஆயி, இன்னொரு தடவை கக்கூஸ். பக்கத்து வீட்டு அம்மாள் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, சுகந்தியைத் தொட்டுக் காட்டி, ஆயி என்றால் அம்மா என்று சைகையில் சொன்னாள். அந்த அம்மாளும் சுகந்தியும் சேர்ந்து சிரித்த ஒரே நாள் அது. அதற்குப் பிறகு பார்க்கும்போதெல்லாம் இரண்டு பேரும் சிரிப்பார்கள், சிரித்து முடித்ததும் கதவைச் சாத்திக்கொள்வார்கள், சிரிப்புக்கு அடுத்த வார்த்தை இரண்டு பேரிடமும் இல்லை. "ஆயி இல்லடி, அம்மா சொல்லு." "ஆயி." "அம்மா." தர்ஷி டிவியைப் பார்த்தாள். டிவியில் கத்தரிக்காய் அம்மாள், "என்ன மக்களே, மணம் ஆளைத் தூக்குதா?" என்றாள். "ஆளைத் தூக்குதா" என்றது பிள்ளை, சுத்தமான தமிழில். இதுவும் கணக்கில் சேராத பாக்கிதான் என்று நினைத்துக்கொண்டே சுகந்தி பாலைச் சுடவைத்தாள். டிவி இல்லாவிட்டால் இந்த வீட்டில் தமிழ் பேசுகிற ஆள் நான் ஒருத்தி. தனபால் வந்தால் சாப்பாடு, தூக்கம், கம்பெனியில் நாளெல்லாம் இந்தி பேசிப் பேசி அவர் வாய் வலிக்கிறது. நான் ஒருத்தியே பேசினால் பிள்ளைக்குக் கேள்வி மட்டும்தான் தெரியும், பதில் எங்கிருந்து கேட்கும். பால் பொங்கி வந்தது, ஊதினாள், அடங்கியது. ஆப்பிலும் தமிழ் வரும்தான். வரத்தான் போகிறது. எது போய்விடும் என்று பயப்படுகிறோம் என்று அவளுக்கே பிடிபடவில்லை, கழுத்துச் சங்கிலியைத் தடவிப் பார்த்துக்கொள்கிற மாதிரி மனசு எதையோ தடவிக்கொண்டே இருந்தது. போன் அடித்தது. "என்ன, முடிவாயிருச்சா?" தனபாலுக்குப் பின்னால் இரும்பு இரும்போடு மோதியது. "ஏழரைக்கு அப்புறம் சொல்றேன் மாமா." "அந்த ஏழரை நம்மள விட்டு என்னைக்குத்தான் போகுமோ!" "அது போனா நானும் கூடவே போயிருவேன், பரவால்லையா?" "ஐயோ தாயே, ஆப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம், வர்றப்ப பஜ்ஜி வாங்கிட்டு வர்றேன்." வைத்துவிட்டான். இரும்புச் சத்தமும் போய்விட்டது. இருந்திருக்கலாம் போல இருந்தது.

ஏழரைக்கு முன்னாலேயே அவள் ஒரு ஏற்பாடு செய்தாள். எதையும் சோதித்துப் பார்க்காமல் வாங்குகிறவள் இல்லை அவள், புடவை வாங்கினாலும் ஒரு நூலை உருவிப் பார்ப்பாள். டிவியில் டிஷ்ஷையே ஓடவிட்டு, அதற்குக் கீழே போனைச் சுவரில் சாய்த்து, ஆப்பில் அதே சேனலை நேரலையாக வைத்தாள். இரண்டும் ஒன்றாக ஓடினால் பச்சைப் பொத்தானை அமுக்கிவிடுவது. தர்ஷி இரண்டு திரைக்கும் நடுவில் பொரியைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். டிவியில் டைட்டில் பாட்டு தொடங்கியது. போனில் இன்னும் பற்பசை விளம்பரம். சரி, விளம்பரம் வேறாக இருக்கும் என்று பொறுத்தாள். டிவியில் பாட்டு முடிந்து வசுமதி வீட்டு வாசல் தெளித்தாள், அப்போதுதான் போனில் அதே பாட்டு தொடங்கியது. டிவியில் மாமியார் வந்து, "யாரைக் கேட்டு வாசல் தெளிச்ச?" என்றாள். போனில் வசுமதி இப்போதுதான் வாளியைத் தூக்கினாள், வரப்போவது தெரியாமல், முகத்தில் ஒரு சின்னச் சிரிப்போடு. தோசை ஒரு பக்கம் வேகிற நேரம் இருக்கும். அவ்வளவுதான் பின்னடைவு. அதற்கு என்ன இப்போது, என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் இனிமேல் அம்மாவின் ரிங் முதலில் வரும், நடப்பது பிறகு வரும். அம்மா அழுது முடித்து மூக்கைச் சிந்திய பிறகு எனக்கு அடி விழும். அம்மா எனக்கு முன்னால் இருப்பாள், நான் பின்னால், சிரித்துக்கொண்டே வாளியைத் தூக்கிக்கொண்டு. இப்படி ஒரு தடவை இருந்தாயிற்று. அப்பாவுக்கு ஒடம்புக்கு முடியல, பாத்துட்டுப் போ என்று அண்ணன் சொன்னான், தனபால் ரயிலுக்கு டிக்கெட் எடுத்தார், சோலாப்பூரில் வண்டி நின்றபோது ஆரஞ்சு விற்றது, அப்பாவுக்கு ஜூஸ் போட்டுக் கொடுக்கலாம் என்று இவள் ஜன்னலில் கையை நீட்டினாள். தனபால் பேரம் பேசினார். அதுதான், அதுதான் இன்றைக்கும் நெஞ்சில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. அவருக்கு அப்போதே தெரியும். தெரிந்துகொண்டே அந்த ஆளிடம் இன்னொரு பழம் போடு என்று சண்டை போட்டு வாங்கினார், நான் சிரித்தேன். வழியெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அண்ணனுக்கு, அம்மாவுக்கு, எதிர்சீட்டில் இருந்தவருக்குக்கூடத் தனபால் சொல்லியிருப்பார் போல, அவர் என்னிடம் அவ்வளவு பிரியமாகத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். எனக்கு மட்டும்தான் அப்பா உயிரோடு இருந்தார். ஊர் எல்லையில் பஸ் திரும்பும்போது பந்தல் தெரிந்தது. ஆரஞ்சுப் பை ஆணியில் தொங்கிக்கொண்டே இருந்து, காரியத்தன்றைக்கு யாரோ பிள்ளைகள் உரித்துத் தின்றார்கள், கூடமெல்லாம் அந்த வாசம். அதற்குப் பிறகு ஆரஞ்சை அவள் வாங்கியதில்லை. பின்னால் இருப்பதென்றால் அவளுக்கு அதுதான். டிவியில் வசுமதி கண்ணாடி முன்னால் நின்றாள். பின்னணியில் பாட்டில்லை, ஒன்றுமில்லை. நெற்றிப் பொட்டை நகத்தால் எடுத்தாள், பார்த்தாள், கண்ணாடியில் ஒட்டினாள். போய்விட முடிவு செய்துவிட்டாள். சுகந்தி கீழே போனைப் பார்த்தாள். போனில் இன்னும் மாமியார் கத்திக்கொண்டிருந்தாள். அம்மா, இதற்கு நீ அடிக்காமல் இருக்க முடியாது, இப்போது அடிப்பாய், தானாக நிற்கும் வரைக்கும் அடிப்பாய். அடிக்கவில்லை. போனிலும் வசுமதி கண்ணாடி முன்னால் வந்து நின்றாள், பொட்டை எடுத்தாள், ஒட்டினாள். இரண்டாவது தடவையும் அம்மா வரவில்லை. டிவியில் அடுக்களை வந்தது, யாருடைய கையோ பட்டு ஓர் எவர்சில்வர் தட்டு டமாரென்று விழுந்து சுழன்றது, உடனே தவில் மாதிரி ஓர் இசை. போன் அடித்தது. வசுமதியின் முகத்துக்கு மேல் அம்மா என்று எழுத்து. ஒன்று, இரண்டு, மூன்று, நிற்கவே இல்லை, தானாக நின்றது.

ஒரு தட்டுக்கா அம்மா அழுகிறாள். சுகந்தி சட்டத்தை மீறினாள். யோசித்து மீறவில்லை, பால் பொங்கும்போது கை தானாகப் போகிற மாதிரி விரல் அம்மாவின் பெயரை அமுக்கிவிட்டது. முதல் மணி முடிவதற்குள் அம்மா எடுத்தாள். "என்னாச்சு? புள்ளைக்கு என்ன? மாப்ளைக்கு என்ன?" "ஒண்ணும் ஆவலம்மா, சும்மாதான்." "சும்மா யாராச்சும் போன் பண்ணுவாங்களா? மறைக்காம சொல்லு." "சத்தியமா ஒண்ணுமில்லம்மா. நீ அழுதியா?" "நானா? நீதான் சொல்லணும். டமார்னு கேட்டுச்சே, யாரு விழுந்தா? வசுமதியா? செத்துட்டாளா?" "தட்டும்மா. எவர்சில்வர் தட்டு." அந்தப் பக்கம் அம்மா சிரித்தாள், அம்மா போனில் சிரித்து அவள் கேட்டதே இல்லை, கோழி செருமுகிற மாதிரி இருந்தது, இவளும் சிரித்தாள், தர்ஷியும் எதற்கென்று தெரியாமல் பொரி சிதறச் சிரித்தது. சிரித்து முடிக்கும்போதுதான் சுகந்தியின் காதில் அது விழுந்தது. அம்மாவுக்குப் பின்னால் அதே தவில் இசை, ஆனால் எட்ட இருந்து. கிட்டே ஒரு நாய் குரைத்தது. காற்று போனில் ஊதியது.

"எங்கம்மா இருக்க?"

"வீட்லதான்."

"வீட்டுக்குள்ளயா?"

"கொல்லையில. தொவைக்கிற கல்லு மேல ஒக்காந்திருக்கேன், காத்து வருது."

"டிவி பாக்கலையா?"

அம்மாவின் பதிலும் பின்னால்தான் வந்தது. தோசை ஒரு பக்கம் வேகிற நேரம். "உங்கண்ணன் ஆடியிலேயே கேபிள வெட்டி விட்டுட்டான். காசு ரொம்ப ஆவுதாம், சரிதானே, அவனும் எத்தனைக்குத்தான் பாப்பான். பெருசா ஒண்ண மாட்டியிருக்கான், அதுலயே எல்லாம் வருதாம். வருதோ என்னவோ. நம்பரே இல்லாத ரிமோட்டு. நான் ஒண்ண அமுக்குனா அது ஒண்ணு கேக்குது. பேரப் புள்ளைங்க பொம்மப் படம் பாக்குதுங்க, அதுங்கள எழுப்பி விட்டுட்டு நான் ஒக்காந்து பாக்குறதா?"

"அப்ப எனக்கு மிஸ்டு கால் குடுத்ததெல்லாம்?"

"பக்கத்துல சரசு வீட்ல ஓடுதுல்ல. அவளுக்குக் காது மந்தம், தெருவுக்கே கேக்குற மாதிரி வெச்சிருப்பா. இந்தக் கல்லு மேல ஒக்காந்தா பளிச்சுனு கேக்குது. சத்தம் பெருசா வந்தா ஏதோ ஆயிருச்சுன்னு உனக்கு அடிப்பேன்."

"அவங்க வீட்டுக்குள்ள போயி பாத்தா என்னம்மா?"

"தெனைக்கும் அடுத்தவ வீட்டுல போயி குந்திக்கிட்டு... என்னான்னு நெனைப்பா. நீ வேற, நான் அடிக்கலன்னா அம்மாவுக்கு என்னமோன்னு அங்க கெடந்து தவிப்ப."

அம்மாவுக்குக் கண்ணில் புரையோ என்று இவள் தவித்தது நினைவுக்கு வந்து, சிரிப்பு வருவதற்குப் பதிலாக வேறென்னவோ வந்தது. கையிலிருந்த போனில்தான் ஆப்பும் இருந்தது, பேசியதால் அது நின்றுபோயிருந்தது. பச்சைப் பொத்தான் அங்கேதான் இருக்கும், நாளைக்கு அமுக்கலாம், இன்றைக்கும் அமுக்கலாம், ஒன்றும் ஆகாது. "நாளையிலேர்ந்து எங்க வீட்லயும் டிஷ் கெடையாதும்மா. கதை எனக்குக் கொஞ்சம் பின்னாடிதான் வரும். நீ முன்னாடி போயிருவ."

"வரட்டும். நான் எங்க போறேன்? இங்கதான் கல்லு மேல இருப்பேன்." எட்ட இருந்து வந்த சரசு வீட்டுச் சத்தம் நின்றிருந்தது. டிவியில் வசுமதி வாசலில் ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு, இன்னொரு கால் வெறுமையாக, வாசல்கோலத்தை மிதிக்காமல் நின்றுகொண்டிருந்தாள். பாட்டில்லை, பேச்சில்லை. தர்ஷி பொரி தின்பதை நிறுத்திவிட்டு சுகந்தியையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தது.

"சுகந்தி."

"சொல்லும்மா."

"இப்ப சத்தமே இல்ல. ரொம்ப நேரமா இல்ல." அம்மாவின் குரல் கிட்டே வந்தது, போனை இரண்டு கையாலும் பிடித்திருப்பாள். "சத்தம் வர்ற எடமெல்லாம் எனக்கே கேக்குது சாமி. சத்தமில்லாத எடத்துல என்னா நடக்குதுன்னு மட்டும் நீ பாத்துச் சொல்லு."